எடை குறைந்த கார், கனக்கும் செலவு: ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பது எப்படி?

2025 மாசி மாதம் வெள்ளவத்தையில் இருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, வாகன இறக்குமதியைத் திறந்திட்டாங்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுப்பம் எண்டு யோசிக்கிறன். எது நல்லது?" என்று கேட்டான்.

எவ்வளவு காசு வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. "எடுக்கிறது இருக்கட்டும் தம்பி. ஐஞ்சு வருசம் வைச்சிருக்க எவ்வளவு வேணும் எண்டு கணக்குப் பாத்தியோ?" என்றேன். மறுமுனையில் சத்தமில்லை.

அந்தக் கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னுடைய முதலாவது ஸ்போர்ட்ஸ் காரை வேறு விதமாக வாங்கியிருப்பேன். இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறேன். 2014 இல் 1,900 பவுணுக்கு ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். 2000ஆம் ஆண்டு பதிவு, 1.8 லீற்றர் எஞ்சின், இரண்டு இருக்கை, துணிக்கூரை. அது இன்றும் என்னிடம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்த 1,900 பவுண்தான் நான் அதற்குச் செலவழித்த மிகச் சிறிய தொகைகளில் ஒன்று.

மருமகனுக்குச் சொன்னவற்றையும் அன்று சொல்ல மறந்தவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். எம்எக்ஸ்-5 ஐ உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், இதில் சொல்லப்படும் கணக்கு எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தும்.

முதலில் எடையைக் கேளுங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலரும் குதிரைவலுவைத்தான் கேட்பார்கள். நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் சரே மாவட்டத்தின் பொக்ஸ் ஹில் குன்றடியில் கார்களோடு கூடுவோம். புதிதாக வருபவரின் முதற் கேள்வி, "எத்தனை குதிரைவலு?" என்பதாகவே இருக்கும். பழையவர்கள் கேட்பது, "எத்தனை கிலோ?"

காரணம் எளிது. ஓடும் காரை நிறுத்தும்போது அதன் இயக்கச் சக்தி முழுவதும் பிறேக்கில் வெப்பமாக மாறுகிறது. அந்தச் சக்தி எடைக்கு நேர் விகிதமானது. ஒரே வேகத்தில் வரும் 1,000 கிலோ காரையும் 2,000 கிலோ காரையும் நிறுத்தினால், இரண்டாவது காரின் பிறேக்குகள் இரண்டு மடங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டும். ஆகவே பிறேக் தட்டு பெரிதாகிறது, சில்லு பெரிதாகிறது, ரயர் அகலமாகிறது, எரிபொருள் கூடுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. எடைதான் காரின் குணத்தையும் அதன் மாதச் செலவையும் ஒன்றாகத் தீர்மானிக்கிறது.

என்னுடைய காருக்கு 195 மில்லிமீற்றர் அகலமும் 15 அங்குல விட்டமும் உள்ள சாதாரண ரயர் போதும். இப்போதைய போர்ஷே 911 கரேரா எஸ் காரின் பின்சில்லு 21 அங்குலம், அதன் ரயர் 305 மில்லிமீற்றர் அகலம். என்னுடைய நான்கு ரயர்களை மாற்றும் காசுக்கு அந்தக் காரின் ஒரு பின் ரயர் வருமா என்பதே சந்தேகம்.

இந்த எடைக் கணக்கை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கொலின் சப்மன். 1962 இல் வெளிவந்த அவரது லோட்டஸ் எலான் 700 கிலோவுக்கும் குறைவானது. அந்தக் காலத்தில் எம்ஜி, ட்ரையம்ப் போன்ற பிரித்தானிய நிறுவனங்களும் சிறிய இரட்டை இருக்கைத் திறந்த கார்களைச் சாதாரண சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் விற்றன. 1970களில் அந்தத் தொழில் சரிந்தது. எம்ஜிபி காரின் உற்பத்தி 1980 இல் நின்றது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் ஜப்பானியர்கள். அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளரான பொப் ஹோல், அத்தகைய எளிய கார் ஒன்றைச் செய்யுங்கள் என்று மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் 1970களிலேயே யோசனை சொல்லியிருந்தார். பிற்பாடு ஹோல் அந்த நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். தொசிஹிக்கோ ஹிராய் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் கார் அறிமுகமானது. வட அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்ரர், மற்ற இடங்களில் எம்எக்ஸ்-5 என்பன அதன் பெயர்கள். குதிரையும் வீரனும் ஓருடலாவது என்று பொருள்படும் "ஜின்பா இட்டாய்" என்ற ஜப்பானியத் தொடரை அதை வடிவமைத்தவர்கள் தங்கள் இலக்காகச் சொன்னார்கள்.

நான்கு தலைமுறைகள்

இந்தக் காரை வாங்க நினைப்பவர் முதலில் அதன் நான்கு தலைமுறைகளை வேறுபிரித்து அறிய வேண்டும். ஆர்வலர்கள் அவற்றை உற்பத்திக் குறியீட்டால் அழைப்பார்கள்.

என்ஏ (1989–1997): எழுந்து மடங்கும் முன்விளக்குகள் உள்ள முதல் தலைமுறை. 1.6 லீற்றர் எஞ்சின், 115 குதிரைவலு, எடை சுமார் 950 கிலோ. பின்னாளில் 1.8 லீற்றரும் வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடுவதால் நல்ல நிலையில் உள்ளவற்றின் விலை ஏறிவிட்டது.

என்பி (1998–2005): நிலையான முன்விளக்குகள், கண்ணாடியாலான பின் சன்னல். அடிப்படை முதலாவதைப் போன்றதே. எடை ஆயிரம் கிலோவைச் சற்றுத் தாண்டும். என்னிடம் இருப்பது இதுதான்.

என்சி (2005–2015): உடல் சற்றுப் பெரிது, உள்ளே இடம் கூட. மடிந்து மறையும் கடினக் கூரையுள்ள வகையும் இதில் கிடைக்கும். தினமும் வேலைக்கு ஓடுவதற்கு ஏற்றது.

என்டி (2015 முதல்): எடையை மீண்டும் குறைத்தார்கள். ஜப்பானில் வெளியான மிக எளிய 1.5 லீற்றர் வகை 990 கிலோதான். 2016 இல் உலகின் ஆண்டுச் சிறந்த கார் விருது பெற்றது. 2018 இல் 2 லீற்றர் எஞ்சினின் வலு 184 மெற்றிக் குதிரைவலுவாக உயர்ந்தது.

இதே 2016 இல் பத்து இலட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தது. உலகில் மிக அதிகம் விற்பனையான இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் பதிவும் இதற்கே உண்டு. எண்ணிக்கை பெருமைக்காக மட்டும் இங்கே சொல்லப்படவில்லை. அதிகம் விற்ற காருக்கு உதிரிப்பாகம் இலகுவாகக் கிடைக்கும், கழித்த கார்களில் இருந்தும் பாகம் எடுக்கலாம், அதைத் திருத்தத் தெரிந்த கராஜ்காரரும் இருப்பார். வாங்கும் நாளில் யாரும் நினைத்துப் பார்க்காத இந்த விடயம்தான் பத்தாவது ஆண்டில் காரைக் காப்பாற்றுகிறது.

மினுங்கும் கதவுக்குக் கீழே

நான் கார் வாங்கிய நாள் வெயில் அடித்தது. பூச்சு மினுங்கியது, கூரை சுகமாகத் திறந்தது, எஞ்சின் ஒரு தட்டிலேயே ஓடியது. அரை மணித்தியாலத்தில் காசைக் கொடுத்துவிட்டேன். நான் குனிந்து பார்க்கவே இல்லை.

அடுத்த ஆண்டு தகுதிச் சோதனையில் கார் விழுந்தது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தை இங்கே "சில்" என்பார்கள். காரின் உடலைத் தாங்குவதே அதுதான். என்னுடைய காரில் அதன் பின்முனை உள்ளிருந்து கறள் தின்று போயிருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ ஓட்டைக்குப் பசை அடைத்து, மேலே தடித்த கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். சோதனை செய்தவர் ஒரு திருப்பியின் பிடியால் தட்டினார், பசை கழன்று விழுந்தது. பழையதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 1,150 பவுண் கேட்டார்கள். காரின் விலையில் பாதிக்கு மேல். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஊருக்குப் போவதற்கென்று ஒதுக்கிய காசில் இருந்துதான் அது போனது.

இந்தக் கறள் ஏன் வருகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள சிறு குழாய்களால் இறங்கி வெளியேற வேண்டும். இலையும் தூசும் அந்தக் குழாய்களை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கீழே இருந்து, பனிக்காலத்தில் தெருவுக்குப் போடும் உப்பு ஏறும். பத்துப் பதினைந்து ஆண்டில் இரும்பு போய்விடும். அந்தக் குழாய்களை ஆண்டுக்கு இரண்டு முறை மெல்லிய பிளாஸ்ரிக் வயரால் துப்புரவு செய்தால் போதும். கம்பியால் குத்தக்கூடாது, குழாய் கிழிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு விலை 1,150 பவுண்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர் இவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்:

1. பின்சில்லுக்கு முன்னால் சில்லின் முனையையும், சக்கர வளைவின் உட்புறத்தையும் விரலால் தடவுங்கள். என்பி வகையில் முன் எஞ்சினுக்குக் கீழே ஓடும் சட்டங்களும் கறள் பிடிக்கும். அவற்றைப் பார்க்கக் காரை உயர்த்த வேண்டும். உயர்த்திப் பார்க்க விற்பவர் விடாவிட்டால் திரும்பி வாருங்கள்.

2. அடிப்பாகத்தில் புதிதாகத் தடித்த கறுப்புப் பூச்சு இருந்தால் அதற்குக் கீழே என்ன என்று கேளுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் பூச்சு, மறைப்பதற்கும் அதுதான் பூச்சு.

3. பிரித்தானியாவில் ஒரு காரின் தகுதிச் சோதனை வரலாற்றை அரசின் இணையத்தளத்தில் இலக்கத்தகட்டு எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். தோற்ற காரணங்கள், எச்சரிக்கைகள், ஒவ்வோர் ஆண்டின் மைல் கணக்கு எல்லாம் அதிலிருக்கும். "கறள் தொடக்கம்" என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதப்பட்டு, நான்காம் ஆண்டு அந்த வரி காணாமல் போயிருந்தால் திருத்திய பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

4. என்ஏ, என்பி எஞ்சின்களில் ரைமிங் பெல்ற் இருக்கிறது. இங்கே 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். மாற்றியதற்குச் சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள். என்சி, என்டி வகைகளில் சங்கிலி உண்டு.

5. தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று கையால் பாருங்கள்.

ஆண்டுக் கணக்கு

கார் ஓடினாலும் நின்றாலும் வரும் செலவுகளை முதலில் எழுத வேண்டும். பிரித்தானியாவில் 2001 மார்ச் 1 க்கு முன் பதிவான கார்களுக்கு எஞ்சின் கொள்ளளவின்படி வீதி வரி. எல்லை 1,549 கன சென்ரிமீற்றர். 1.6 லீற்றர் எம்எக்ஸ்-5 இன் உண்மையான கொள்ளளவு 1,598. ஆக, மிகச் சிறிய எஞ்சின் உள்ள பழைய எம்எக்ஸ்-5 கூட உயர்ந்த வரிக்குள்தான் விழும். 2025–26 நிதியாண்டில் அது 360 பவுண். 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான பெற்றோல் கார்களுக்கு, முதல் ஆண்டு கழிந்தபின், பொதுவான வரி 2025–26 இல் 195 பவுண். ஆனால் புதிதாக வாங்கும்போது பட்டியல் விலை 40,000 பவுணைத் தாண்டிய பெற்றோல் காருக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு மேலதிகமாக ஒரு தொகை கட்ட வேண்டும், 2025–26 இல் அது 425 பவுண். நான்கு வயதான போர்ஷேயை மலிவாக வாங்கினேன் என்று மகிழ்பவருக்கு இந்தத் தொகை பின்னால் வந்து சேரும்.

தகுதிச் சோதனைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 54.85 பவுண். லண்டனுக்குள் போவதென்றால் இன்னொன்று உண்டு. 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா மாநகரப் பிரிவுகளும் தாழ்புகை வலயத்துக்குள் வந்துவிட்டன. பெற்றோல் கார் யூரோ 4 தரத்தில் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 12.50 பவுண். பொதுவாக 2006 க்குப் பின் பதிவான கார்கள் தப்பும். பழையது என்றால் இலக்கத்தகட்டைக் கொடுத்துச் சரிபார்த்துவிட்டே வாங்க வேண்டும். ஹரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் இப்போது மனைவியின் காரில்தான் போகிறேன்.

காப்புறுதியில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். சாதாரண காப்புறுதி, கார் அழிந்தால் அதன் சந்தை மதிப்பைத்தான் தரும். அதை மதிப்பிடுவது நிறுவனம். பழைய, நன்றாகப் பராமரித்த காருக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்புக்கொண்டு எழுதும் காப்புறுதி உண்டு. ஆண்டு மைல் வரம்புக்கு உடன்பட்டால் அது சாதாரணமானதைவிட மலிவாகவும் வரலாம். இரண்டாவது, மாற்றங்களை மறைக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஓர் இளைஞர் வேறு சில்லும் சத்தமான புகைபோக்கியும் போட்டார், நிறுவனத்துக்கு அறிவிக்கவில்லை. ஒரு சந்தியில் இடிபட்டபோது அவருடைய கோரிக்கை மறுக்கப்பட்டது. கடன் இன்னும் கட்டுகிறார், கார் இல்லை.

புதிய கார் வாங்குபவருக்கு மிகப் பெரிய செலவு இவற்றுள் எதுவுமில்லை. அது பெறுமதித் தேய்வு. எந்தச் சீட்டிலும் வராது, விற்கும் நாளில்தான் தெரியும். பழைய காரில் அந்தத் தேய்வை முன்னையவர்கள் ஏற்கனவே கட்டிவிட்டார்கள். பதிலுக்கு நாங்கள் திருத்தச் செலவைக் கட்டுகிறோம். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுத் திருத்தத்துக்கு ஒதுக்க முடியாதவர் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

புதிது போல இருந்த ரயர்

எல்லாச் செலவிலும் தள்ளிப்போடக் கூடாதது ரயர். 2014 கார்த்திகை மாதம், கார் வாங்கி நான்கு மாதம். மழை. பதின்மூன்று வயது மகள் பக்கத்தில் இருந்தாள். சுற்றுவட்டம் ஒன்றில் நுழைந்து திரும்பும்போது காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றது. நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. நின்றபோது வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வேளை பின்னால் வேறு வாகனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மகள் வீடு வரும்வரை பேசவில்லை.

வேகமாகப் போகவில்லை. ரயரின் தவாளிப்பு புதிது போல ஆழமாக இருந்தது. பிறகு ஒருவர் ரயரின் பக்கச் சுவரைக் காட்டினார். அங்கே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. என்னுடையதில் கடைசி இரண்டும் "05". ஒன்பது வயது. குறைவாக ஓடும் கார்களில் ரயர் தேய்வதில்லை, ஆனால் றப்பர் இறுகிவிடும். இறுகிய றப்பர் ஈரத்தில் பிடிக்காது. அந்தக் காலக் கார்களில் இப்போது உள்ளதுபோல் வழுக்கலைத் தானாகத் தடுக்கும் மின்னணு உதவி இல்லை. பின்சில்லால் உந்தப்படும் எடை குறைந்த காரில் பிழைக்கு இடம் கொஞ்சம்தான்.

அடுத்த நாளே நான்கு ரயரும் மாற்றினேன். அதற்குப் பிறகு எந்தக் காரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அந்த நான்கு இலக்கத்துக்குத்தான்.

பயணங்கள்

இவ்வளவு செலவும் எதற்கு? ஒரு நல்ல தெருவுக்காக. எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களிடையே ஒரு கருத்து உண்டு: வேகமான காரை மெதுவாக ஓட்டுவதைவிட, மெதுவான காரை அதன் எல்லைவரை ஓட்டுவதுதான் இன்பம். 500 குதிரைவலு காரை இரண்டாவது கியரில் ஒரு முறை மிதித்தாலே சட்ட எல்லையைத் தாண்டிவிடும். என்னுடைய காரில் மூன்று கியரும் மாற்றி, வளைவுக்கு முன் பிறேக் பிடித்து, எல்லாம் செய்தும் மணிக்கு 60 மைலுக்குள்தான் நிற்கும். இங்கே பிரிக்கப்படாத கிராமத் தெருக்களின் உச்ச வேகம் அதுதான்.

செபீல்டுக்கும் கிளொசொப்புக்கும் இடையே பீக் மாவட்டத்தின் ஊடாக ஏறும் ஏ57 தெருவுக்கு ஸ்னேக் பாஸ் என்று பெயர். பனியிலும் மண்சரிவிலும் அடிக்கடி மூடப்படும் என்பதால் புறப்படுமுன் விசாரிக்க வேண்டும். மக்கிள்ஸ்பீல்டில் இருந்து பக்ஸ்ரனுக்குப் போகும் ஏ537 தெருவும் புகழ்பெற்றது. விபத்துகள் பெருகியதால் அதில் 50 மைல் வேக எல்லையும் சராசரி வேகக் கமராக்களும் வந்துவிட்டன. ஆர்வலர்களின் அவசரம் ஒரு தெருவுக்கு என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் கூட்டத்தில் மூன்று கார்கள் சேர்ந்து போன மிக நீண்ட பயணம் ஸ்கொட்லாந்தின் நோர்த் கோஸ்ற் 500. இன்வர்னஸில் தொடங்கி வடகரையைச் சுற்றி இன்வர்னஸுக்கே திரும்பும் 516 மைல் வட்டம். 2015 இல் அறிமுகமானது. என்னுடைய கார் ஒரு லீற்றருக்கு ஏழு மைல் கொடுக்கும். வட்டம் முழுவதற்கும் சுமார் 74 லீற்றர் பெற்றோல். மூன்று நாளில் முடிக்கலாம் என்று போனோம். ஆறு நாள் எடுத்தது, அதுவும் போதவில்லை.

அந்தப் பயணத்தின் உச்சம் அப்பிள்குரொஸ் கிராமத்துக்குப் போகும் கணவாய். அதன் கேலிக் மொழிப் பெயருக்கு மாடுகளின் கணவாய் என்று பொருள். கடல் மட்டத்துக்கு அருகில் தொடங்கி 626 மீற்றர் வரை ஏறும், ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய தெரு. புதிதாக ஓட்டப் பழகுவோரும் பெரிய வாகனங்களும் போக வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே எடை குறைந்த சிறிய காரின் அருமை தெரிந்தது. எதிரே வந்தவருக்கு விலகிக் கொடுக்க எங்களுக்கு இடம் இருந்தது, இறக்கத்தில் பிறேக் மணக்கவில்லை. ஒதுங்கும் இடங்கள் எதிரே வருபவருக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் உள்ளூர்க்காரரை முன்னே விடவும்தான். வைத்தியசாலைக்கும் வேலைக்கும் அவர்கள் போகும் தெரு அது. நாங்கள் அங்கே விருந்தாளிகள்.

ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் பற்றியும் பலர் கேட்பார்கள். 20.8 கிலோமீற்றர் நீளமான அந்தப் பழைய ஓட்டப் பாதையில் குறிப்பிட்ட நாட்களில் காசு கட்டி யாரும் தங்கள் காரில் ஓடலாம். ஆனால் பல காப்புறுதிகள் அந்தப் பாதையைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கின்றன. பாதுகாப்பு வேலியை உடைத்தால் அதற்கும் மீட்பு வண்டிக்கும் பாதை மூடப்பட்ட நேரத்துக்கும் நாங்களே கட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் இருவர் போய்வந்தார்கள். நான் போகவில்லை.

புதியவை குறைகின்றன

இப்போது ஞாயிறு காலைகளில் நாங்கள் அதிகம் பேசுவது புதிய மாதிரிகளைப் பற்றி. அந்தப் பேச்சில் உற்சாகத்தைவிடக் கவலை கூட. லோட்டஸ் எலீஸ் 2021 இல் முடிந்தது. அவுடி ரிரி 2023 இல் முடிந்தது. 2022 இல் பிரித்தானியாவுக்கு வந்த டொயோட்டா ஜிஆர்86 இன் முதல் ஒதுக்கீடு ஒன்றரை மணித்தியாலத்தில் விற்றுத் தீர்ந்தது. அப்படியிருந்தும் புதிய ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளால் 2024 இல் அது இந்தச் சந்தையை விட்டுப் போனது. பெற்றோல் போர்ஷே 718 பொக்ஸ்ரர், கேமன் இரண்டும் கணினிப் பாதுகாப்பு விதி காரணமாக 2024 இல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் நின்றன. 2025 இல் உற்பத்தியே முடிந்தது.

புதிதாக வருபவை மின்சாரக் கார்கள். எம்ஜி நிறுவனத்தின் பெயர், 2024 இல், சைபர்ஸ்ரர் என்ற இரட்டை இருக்கைத் திறந்த காரில் மீண்டும் வந்தது. வேகத்தில் அதற்கு என்னுடைய கார் தூசு. ஆனால் மின்கலத்தோடு அதன் எடை இரண்டு தொன்னை நெருங்குகிறது. என்னுடைய காரைப் போல் கிட்டத்தட்ட இரண்டு. மின்சாரம் பிழை என்று நான் சொல்லவில்லை. மனைவியின் கார் மின்சாரக் கார்தான், நகரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. எடை குறைந்த, சாதாரண சம்பளத்தில் பராமரிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் மின்சாரத்தில் இன்னும் வரவில்லை என்பதுதான் கவலை. பிரித்தானியாவில் 2030 க்குப் பின் பெற்றோலில் மட்டும் ஓடும் புதிய கார்களை விற்க முடியாது. சிறு எண்ணிக்கையில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. விலக்குப் பெறுபவை பெரும்பாலும் கோடீஸ்வரர்களின் கார்கள். இல்லாமல் போகப்போவது எங்களுடையவை.

மருமகனுக்குச் சொன்ன பதில்

இலங்கை 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதித்தது. ஆனால் சுங்க வரி, அதன்மேல் மிகைவரி, எஞ்சின் கொள்ளளவின்படி உற்பத்தி வரி, பெறுமதி கூடினால் ஆடம்பர வரி, இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. பாவித்த கார்களுக்கு வயதெல்லையும் உண்டு. எனவே நான் செய்ததுபோல பழைய காரை மலிவாக இறக்கிப் பழகும் வழி அங்கே இல்லை. ஏற்கனவே நாட்டில் பதிவான காரைத்தான் பார்க்க வேண்டும். அவற்றுக்குப் பாகம் எங்கே கிடைக்கும், திருத்தத் தெரிந்த கராஜ் எது என்பதை வாங்க முன்னரே தேட வேண்டும். தாழ்ந்த காருக்கு நம்மூர் வேகத்தடைகளும் குழிகளும் பகை. நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர், மற்றத் தெருக்களில் அதற்கும் குறைவு. 300 குதிரைவலுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்காக அந்த நாட்டுக்கு இந்த ஆசை அந்நியமும் அல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்போட்டி 1934 இல் தொடங்கியது. கண்டியில் இருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் தெரு, மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு இரண்டையும், நான் பார்த்த எந்தப் பிரித்தானியத் தெருவுக்கும் பக்கத்தில் வைக்கலாம். மழையில்லாத நாளில், பஸ்களுக்கு வழிவிட்டு, நல்ல ரயரோடு.

மருமகன் அந்த ஆண்டு கார் வாங்கவில்லை. மாதம் மாதம் ஒரு தொகையை, கார் இருந்தால் என்ன செலவாகுமோ அந்தத் தொகையை, தனிக் கணக்கில் போடச் சொன்னேன். ஒரு வருடம் தவறாமல் போட முடிந்தால் அவனால் காரை வைத்திருக்க முடியும். முடியாவிட்டால் கார் இல்லாமலே அதை அறிந்துகொண்டான், காசும் கையில் இருக்கும். சென்ற கிழமை அழைத்தான். எட்டு மாதம் போட்டுவிட்டானாம். இரண்டு மாதம் தவறிவிட்டதாம்.

"அப்ப என்ன மாமா செய்யிறது?" என்றான்.

"திரும்ப ஒண்டிலயிருந்து தொடங்கு" என்றேன்.